வளையல் சத்தம்

மத்தியான வெயில் ஆஸ்பத்திரி ஜன்னல் கம்பிகளைத் தாண்டி வந்து கணேசபாண்டியனின் கால்களில் விழுந்து கிடக்கிறது. செம்பூரில் கட்டட வேலையின்போது சாரம் சரிந்து முதுகெலும்பு நொறுங்கிய நாளிலிருந்து அந்தக் கால்கள் வெயிலும் அறியவில்லை, குளிரும் அறியவில்லை. அவன் கண்களை ஒரு துண்டு மூடியிருக்கிறது. டாக்டர் ஷ்யாமளா குண்டூசியோடு குனிகிறார். கொஞ்சமாவது உணர்ச்சி உள்ளவர்களைத்தான் இந்த நடைப்பயிற்சி ஆராய்ச்சியில் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் கட்டிலைக் காலி செய்ய வேண்டும். அதனால்தான் தலைமாட்டில் நிற்கும் பேராச்சி புருஷனோடு காலையிலேயே பேசி வைத்திருக்கிறாள். ஊசி கணுக்காலில் படுகிறது. முந்தானையைச் சரிசெய்வதுபோல் அவள் கையை அசைக்க, கண்ணாடி வளையல்கள் மெல்லக் குலுங்குகின்றன. "குத்துது டாக்டரம்மா," என்கிறான் அவன். "பேஷ்! இப்போ தெரியறதா?" ஊசி முழங்காலில். மறுபடி வளையல். "ஆமா, சுள்ளுன்னு இருக்கு." டாக்டரின் முகம் மலர்கிறது. பேராச்சி ஊசியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஊசி உள்ளங்காலுக்கு வருகிறது. இந்த முறை ஆழமாகவே இறங்குகிறது. அந்த நேரம் பார்த்து லோக்கல் ரயில் ஒன்று ஜன்னல் கண்ணாடிகளை அதிரவைத்துக்கொண்டு ஓடுகிறது. பேராச்சி கையை உதறுகிறாள், இன்னும் பலமாக உதறுகிறாள், வளையல் ஒன்று கட்டில் கம்பியில் பட்டு உடைந்து தெறிக்கிறது. இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் நிமிர்ந்து அவள் கையைப் பார்க்கிறார். ரயில் போய்விடுகிறது. வெளிறிய உள்ளங்காலில் ஒரு பொட்டு ரத்தம் திரண்டு நிற்கிறது. துண்டுக்குக் கீழே கணேசபாண்டியனின் உதடுகள் சிரிக்கின்றன.

"என்ன டாக்டரம்மா, இன்னும் குத்தலியா?"