கண்ணாடித் தோட்டத்தில் தூக்கம்

குழந்தை தூங்கிவிட்டாள்.

பெற்றவளால் நம்பவே முடியவில்லை. பிறந்த நாள் முதலாய் வீட்டில் ஒருத்தரையும் கண்ணயர விடாத ராட்சசி, கண்ணாடித் தோட்டத்துக்குள் அப்பாவின் தோளில் துவண்டு கிடந்தாள்.

ஊரிலிருந்து தன் அம்மாவின் போன் வந்ததால் அவள் வெளியிலேயே நின்று ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்துவிட்டு அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தாள்.

வெளியே எலும்பைத் துளைக்கும் பனி. உள்ளே வாழையும் பெரணியும் ஆர்க்கிட் பூக்களுமாக வெதுவெதுப்பான ஒரு காடு. மூலையில் எண்ணெய்க் கணப்பு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. குளிருக்குப் பயந்து கூரை ஜன்னல்களைக்கூட அடைத்துவைத்திருந்தார்கள்.

“தலை கனக்குது. நீ பாத்துட்டு வா, நான் இப்படி உக்காந்திருக்கேன்.”

குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கணவன் பெஞ்சில் சாய்ந்தான். சுற்றிப் பார்க்க வந்த லட்சணம்! அவள் சிரித்துக்கொண்டாள்.

குழந்தையின் கன்னம் செக்கச்செவேலென்று இருந்தது. சூடு பட்டதும் நிறம் வந்துவிட்டதே என்று முத்தமிட்டாள்.

தாழ்ந்த கிளையில் பஞ்சவர்ணக்கிளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கிட்டப் போனாள். பறக்கவில்லை. கத்தவில்லை. என்ன சாது!

கையை நீட்டி ஒன்றின் முதுகைத் தடவினாள்.

அது பொத்தென்று விழுந்தது.

கீழே பெரணிக்குள் இன்னும் நாலைந்து கிடந்தன. மஞ்சளும் நீலமுமாகத் தெரிந்ததை, உதிர்ந்த பூ என்றே நினைத்திருந்தாள்.

அதற்கு அப்பால் தோட்டக்காரர் குப்புற விழுந்து கிடந்தார். பக்கத்தில் குழாய்த் தண்ணீர் யாரும் கேட்பாரின்றி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அடுப்பு. வாடையே இல்லாத விஷக்காற்று.

கதவு வெகுதூரத்தில் இருந்தது. கால்கள் சொன்னபடி கேட்கவில்லை. கைக்கு அகப்பட்ட பூந்தொட்டியைத் தூக்கிக் கண்ணாடிச் சுவரில் வீசினாள். விரிசல்தான் விட்டது. இன்னொன்றை வீசினாள்.

பனிக்காற்று சீறிக்கொண்டு உள்ளே வந்தது. குழந்தையின் முகத்தை அதற்கு நேரே பிடித்து உள்ளங்காலைக் கிள்ளினாள். மறுபடியும் கிள்ளினாள்.

முதலில் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். அப்புறம் வீறிட்ட அழுகை.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்க, அவள் பெஞ்சைப் பார்த்துக் கத்தினாள்.

“என்னங்க, பாப்பா அழறா! வந்து வாங்குங்க!”

பகலெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வந்து படுத்தாலும், அந்த அழுகைக்கு அவளுக்கு முந்தி எழுந்துகொள்கிறவன் அவன். ஒரு ராத்திரிகூடத் தவறியதில்லை.

குழந்தை இன்னும் உரக்க அழுதாள்.