முதுகில் ஒரு புண்

கழுவுவதற்காக நன்னாகனின் உடலைப் புரட்டியபோது முதுகில் ஈட்டிப் புண் தெரிந்தது. கூடியிருந்தவர்கள் முகம் சுளித்து விலகினார்கள். புறமுதுகு காட்டிச் செத்தவனுக்கு நடுகல் கிடையாது. அவனோடு போருக்குப் போய்த் திரும்பிய கொற்றனால் அதைப் பொறுக்க முடியவில்லை.

"இவன் ஓடல. ஓரடிகூடப் பின்வாங்கல. நான் பின்னாலயே நின்னு பார்த்தேன்" என்று கையிலிருந்த ஈட்டிமேல் சத்தியம் செய்தான்.

நன்னாகனின் மனைவி எயினி அழவில்லை. புண்ணின் அகலத்தை இரண்டு விரல்களால் அளந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்களத் தாண்டி எதிரி யாராவது இவரு முதுகுகிட்ட வந்தானா அண்ணே?"

கொற்றனின் நெஞ்சு தானாக விரிந்தது. "என்னத் தாண்டியா? இதுவரைக்கும் ஒருத்தன் வந்ததில்ல!"

சொன்ன பிறகுதான் முற்றத்தில் விலகி நின்றவர்கள் எல்லாரும் தன் பக்கம் திரும்பியிருப்பது அவனுக்கு உறைத்தது.

அளந்த விரல்களை மடக்காமலேயே எயினி கையை நீட்டினாள்.

"அந்த ஈட்டியக் குடுங்க."