மாப்பிள்ளைக்கு முடி கொட்டுகிறது

நுண்ணோக்கிக்குள் சுருட்டு மாதிரி நீண்ட ஏதோ ஒன்று எட்டுக் குட்டைக் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவது முறையாகப் பார்த்தேன். எனக்கு எதையும் ஒரு தடவை பார்த்தால் போதாது. நாய் டாக்டரம்மா பொறுமையாக நகர்ந்து நின்றார்.

மேசை மேல் மாப்பிள்ளை நடுங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு நாய்தான். உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு, தாமதமானால் கோபம் என்று வீட்டோடு மாப்பிள்ளை தோரணையில் இருந்ததால் அப்பா வைத்த பெயர். இப்போது கண்ணைச் சுற்றியும் முன்னங்கால்களிலும் முடி கொட்டி, தோல் சிவந்து, மாப்பிள்ளைக் களை சுத்தமாகப் போயிருந்தது.

தம்பி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான்.

என் பயமே அதுதான். தம்பிக்குப் போன வருடம் பெரிய ஆபரேஷன். சின்னத் தொற்றுகூட ஆகாது என்று அவனுடைய டாக்டர் சொல்லியிருந்தார். இந்தச் சொறி ஒட்டுகிற வகை என்றால் நாயை யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் இவன் சாப்பிடமாட்டான்.

ஆபரேஷனுக்குப் பிறகு பூசணிக்காயாக வீங்கிக் கிடந்த அவன் முகம், கொஞ்ச நாளாகத்தான் பழைய அளவுக்கு வந்திருக்கிறது. மறுபடியும் கண்ணாடி முன்னால் நிற்க ஆரம்பித்திருக்கிறான். அம்மா பூரித்துப்போயிருக்கிறாள். இந்த நேரத்திலா இந்தச் சனியன்?

"இவனுக்கு ஒட்டுமா டாக்டர்?"

"ஒட்டாதும்மா. இது நாயோட பூச்சி. மனுஷங்க பக்கமே வராது."

தம்பி மாப்பிள்ளையின் மண்டையில் முத்தம் கொடுத்தான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதோடு கிளம்பியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? அப்படியானால் இதை நாய்க்குக் கொடுத்தது யார் என்று கேட்டேன்.

அதன் அம்மாவாம். பிறந்த சில நாட்களில், குட்டி பால் குடிக்கும்போது தாயின் தோலிலிருந்து ஏறிக்கொள்ளுமாம். அநேகமாக எல்லா நாய்களிடமும் கொஞ்சம் இருக்குமாம். உடம்பின் எதிர்ப்பு சக்தி என்கிற காவல்காரன் விழித்திருக்கும்வரை வம்பில்லை. பூச்சி மயிர்க்காலுக்குள் சத்தம் போடாமல் ஒண்டுக் குடித்தனம் நடத்திவிட்டுப் போகும். காவல்காரன் அசந்தால்தான் ஒன்று பத்தாகி, பத்து ஊராகும்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆறு வயது நாய். இத்தனை வருடமாக மாப்பிள்ளையோடு அதன் பிறந்த வீட்டுச் சீதனத்தையும் சேர்த்தல்லவா வளர்த்திருக்கிறோம்!

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அது பானையாகத் தொங்கியது.

தண்ணீர் நிறையக் குடிக்கிறதா என்று கேட்டார். வாளி வாளியாகக் குடிக்கிறது. பசி? வைத்ததையும் தின்கிறது, வைக்காததையும் தின்கிறது. குட்டி நாய்க்கு இந்தச் சொறி வருவது சகஜம். வளர்ந்த நாய்க்குத் திடீரென்று வந்தால், அதன் காவல்காரனை எதுவோ தூங்கவைக்கிறது என்று அர்த்தமாம்.

"ஸ்டீராய்டு மாதிரி ஏதாவது மாத்திரை குடுக்குறீங்களா?"

"ஐயோ, இல்லவே இல்ல" என்றேன். தம்பி மாப்பிள்ளையின் கழுத்திலிருந்து கையை எடுத்தான்.

அவர் இழுப்பறையிலிருந்து பூச்சிக்கான மாத்திரை அட்டையை எடுத்துப் பிதுக்கினார். படக்கென்று ஒரு சத்தம்.

மாப்பிள்ளையின் நடுக்கம் நின்றது. காதுகள் நிமிர்ந்தன. மேசை மேலேயே பின்னங்கால்களை மடக்கி உட்கார்ந்து, மாத்திரை வைத்திருந்தவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தம்பி முகத்துக்கு நேராக வாயைத் திறந்தது. வால் ஆடியது.

நான் தம்பியைப் பார்த்தேன். ஒட்டிய கன்னம், கூரான தாடை. பழைய தம்பி. அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாப்பிள்ளை திறந்த வாயை மூடாமல் காத்திருந்தது.

"எத்தனை நாளாடா?"

"முகத்த வீங்க வைக்குதே, அந்த ஒரு மாத்திரை மட்டுந்தான்க்கா. முகம் பார்க்கவே சகிக்கல."

திட்டத்தான் வாயெடுத்தேன். அவன் கையைத்தான் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு பயம். டாக்டரம்மா மெதுவாக அவன் தோளில் கை வைத்து, இப்போதே அவனுடைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். மாப்பிள்ளையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஆட்டோவில் அவன் என் பக்கம் திரும்பவில்லை. நான் அவன் கையை விடவில்லை.

அவனுக்குக் கொடுத்த மாத்திரையும் காவல்காரனைத் தூங்கவைக்கத்தான். நாய்க்குள் காவல்காரன் நன்றாகத் தூங்கிவிட்டான். அப்படியானால் தம்பிக்குள் விழித்துக்கொண்டிருப்பான். அக்கா, தம்பி என்றெல்லாம் அவனுக்கு உறவுமுறை தெரியாது. வெளியாள் யாரைக் கண்டாலும் அடிப்பான்.

தம்பிக்குள் இருக்கும் அந்த வெளியாள், போன வருடம்வரை எனக்குள் இருந்த சிறுநீரகம்.