நான்காவது மட்டை

கரும்பாலை மைதானத்தின் கம்பிவேலியில் மட்டைகளை ஆடும் வரிசைப்படி சாய்த்துவைப்பதுதான் அந்த பேஸ்பால் அணியின் வழக்கம். காலை வெயில் வேலி வழியாக அவற்றின்மேல் கட்டம் கட்டமாக விழுகிறது. நான்காம் இடம் மட்டும் காலி. பந்தை வெகுதூரம் பறக்கவிடுபவனுக்கான இடம் அது. பயிற்சியாளர் எலாதியோவின் தங்கை கணவன் நிகாசியோதான் பல வருஷமாக அந்த இடத்தில் ஆடுகிறான். இப்போது அவனுக்குப் பந்தே சரியாகத் தெரிவதில்லை. அதை அவனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் எலாதியோ அவன் மட்டையைக் கையிலேயே வைத்திருக்கிறார்.

"என்ன மச்சான், தாலாட்டுறீங்களா?" நிகாசியோ அதை வாங்கிக் கடைசியில் சாய்க்கிறான். அங்கிருந்த இளம் ஆட்டக்காரன் ரூபெனின் மட்டையை நான்காவதாக வைக்கிறான். "அவன்தான் இப்ப அடிக்கிறான். உங்க தங்கச்சிகிட்ட மட்டும் நீங்களே சொல்லிருங்க."

எலாதியோ நிகாசியோவின் தோளில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டே இருக்கிறார்.