கவிழ்த்து வைத்த பத்திரம்

அந்தக் கறுப்பினப் பெண்மணி தன் மேஜையை நோக்கி வருவதைப் பார்த்ததுமே, வெர்னான் முன்வரிசையில் இருந்த ஒரு பிளாஸ்டிக் உறையைச் சட்டென்று கவிழ்த்து வைத்தார்.

பக்கத்து மேஜைக்காரர் ஹாய்ட் அதைக் கவனித்துவிட்டார். அவித்த வேர்க்கடலையை உரித்தபடியே, "பயப்படாதப்பா, அந்தம்மாவுக்கு எழுபது வயசு இருக்கும். தூக்கிட்டு ஓடினாலும் நானே பிடிச்சிடுவேன்" என்றார்.

வெர்னானுக்கு அது திருட்டுப் பயம் இல்லை, வெட்கம்.

அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் வருடாவருடம் நடக்கும் இந்தப் பழைய பணநோட்டுக் கண்காட்சியில் முப்பது வருடமாகக் கடை போடுகிறார். அடிமை முறை இருந்த காலத்தில் நடந்து, எப்போதோ திவாலாகிப்போன வங்கிகளின் நோட்டுகளும் கடன் பத்திரங்களும்தான் அவர் சரக்கு. அந்தப் பத்திரங்கள் சிலவற்றில் நிலத்தையோ வீட்டையோ அல்ல, அடிமைகளை அடகு வைத்திருப்பார்கள். அவற்றுக்குத்தான் நல்ல விலை. விற்கும்போது வெர்னானுக்குக் கை கூசியதில்லை. கறுப்பர் யாராவது எதிரே வந்தால் மட்டும் கவிழ்த்து வைப்பார். அந்தக் கூடத்தில் இருந்த வெள்ளைக்கார வியாபாரிகள் பலரும் செய்வதுதான்.

வந்தவர் கழுத்தில் தொங்கிய அட்டையில் அர்னெட்டா என்று பெயர் இருந்தது. நோட்டுகளை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"உங்க விலைப்பட்டியல்ல ஒரு வரி பாத்தேன். சலூன்காரர் ஒருத்தர் எழுதிக் கொடுத்த அடமானப் பத்திரம்னு. இருக்கா, வித்துப்போச்சா?"

"இருக்கும்மா. ஆனா நீங்க பாக்க வேணாம். மனசு கஷ்டப்படும்."

"கஷ்டப்படறதுக்குத்தான் ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். காட்டுங்க."

வெர்னான் உறையைத் திருப்பி வைத்தார். சைரஸ் மோஸ் என்பவர் வங்கியில் வாங்கிய கடனுக்கு ஈடாக, டெம்ப்பி என்ற இருபத்தாறு வயதுப் பெண்ணையும் அவள் பிள்ளைகள் இரண்டு பேரையும் எழுதிக் கொடுத்திருந்தார்.

இதுமாதிரி முன்னோரைத் தேடி வருகிறவர்கள் முதலில் அடகுபோனவர்களின் பெயரைத்தான் விரல் வைத்துத் தேடுவார்கள். அர்னெட்டா நேராகக் கடைசி வரிக்குப் போனார். அங்கே இருந்த கையெழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெர்னான் தானாகவே விளக்க ஆரம்பித்தார். "கடையில இன்னொரு நாற்காலி போடறதுக்காகக் கடன் வாங்கியிருக்கான்மா. அதுக்கு ஒரு பொம்பளையையும் ரெண்டு பச்சப்புள்ளைங்களையும் வச்சிருக்கான். எங்க ஆளுங்க செஞ்ச அநியாயத்தைப் பாருங்க."

"கடனைக் கட்டிட்டாரா?"

"கட்டியிருந்தா வங்கியில கையெழுத்தைக் கிழிச்சுத்தான் திருப்பிக் கொடுத்திருப்பாங்க. இதுல கையெழுத்து முழுசா இருக்கே. அதனாலதான் விலையும் ஜாஸ்தி."

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்பது வெர்னானுக்கு உறைத்தது. முகம் காதுவரை சிவந்துவிட்டது. கடன் அடையவில்லை என்றால் அந்த மூன்று பேரும் ஏலத்தில் போயிருக்கிறார்கள். அதைத்தான் அவர் சரக்கின் சிறப்பு என்று சொல்லியிருந்தார்.

"ஜுரத்துல செத்துட்டாங்கன்னுதான் எங்களுக்குச் சொல்லி வச்சிருந்தாங்க" என்றார் அர்னெட்டா.

"டெம்ப்பியைப் பத்தி உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க சர்ச்சைக் கட்டினவரோட பொண்டாட்டி. அவரும் அடிமையாப் பொறந்தவர்தான். ராத்திரி பகலா உழைச்சு முதல்ல தன்னை மீட்டுக்கிட்டார். அப்புறம் அவளையும் புள்ளைங்களையும் முதலாளிகிட்டேர்ந்து காசு கொடுத்துத் தன் பேருக்கே எழுதி வாங்கினார். வாசல்லயே அவர் படம் இருக்கு. நாளைக்கு அவருக்கு விழா. நான்தான் அவர் கதையைச் சொல்லணும், வருஷாவருஷம் நான்தான் சொல்றேன்."

காசு கொடுத்து மீட்ட பெண்ணை இன்னொருவன் மறுபடி அடகு வைத்திருக்கிறானே என்று நினைத்தார் வெர்னான். ஹாய்ட் கடலையைக் கீழே வைத்துவிட்டார்.

"இதை யாராவது ஃபோட்டோ எடுத்தாங்களா?" என்று கேட்டார் அர்னெட்டா.

"இல்லம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சத்தியமா இல்ல. நாளைக்கு விழாவுல வாசிச்சுக் காட்டப் போறீங்களா?"

அர்னெட்டா கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து, விலையை எண்ணி வைத்தார்.

வெர்னான் பணத்தை அப்படியே திருப்பித் தள்ளினார். "வேணாம்மா. இத்தனை வருஷமா இதை வித்துச் சாப்பிட்டதே கேவலம். உங்ககிட்டயும் வாங்கினா நான் மனுஷனே இல்ல. அந்த மோஸ் பண்ணினதுக்கு எங்க வெள்ளைக்காரங்க எல்லார் சார்பாவும் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

அர்னெட்டா பத்திரத்தை நான்காக மடித்தார். அத்தனை பழைய காகிதத்தை யாராவது மடித்தால் பதறிப்போகும் வெர்னான் அன்று தடுக்கவில்லை. மடித்ததை அர்னெட்டா கைப்பையின் அடியில் போட்டு, மேலே கைக்குட்டையை வைத்து மூடினார். பணத்தை மறுபடியும் வெர்னான் பக்கமே நகர்த்தினார்.

"இதை வாங்கிக்கங்க. உங்க மன்னிப்பை வாங்கிக்கற யோக்கியதை எனக்கு இல்ல."

"ஏம்மா அப்படிச் சொல்றீங்க?"

அர்னெட்டாவின் குனிந்த தலை நிமிரவில்லை.

"எங்க சர்ச் வாசல்ல இருக்கிற படம், அந்த மோஸோடதுதான் சார்."