குரங்கு எடுக்க ஒரு லென்ஸ்

1962 சாரல் சமயம். தென்காசியில் ஸ்டூடியோ வைத்திருந்த அய்யாத்துரை, தூரத்துப் படம் எடுக்கும் இரண்டு பழைய லென்ஸ்களைக் காட்டினார்.

"விலை கம்மியானதைக் கொடும். மழை இருட்டிலயும் படம் விழணும்," என்றார் ஆவுடைநாயகம்.

"குற்றாலத்துக் குரங்கை எடுக்கவா அண்ணாச்சி? கிட்டப் போனா இந்தச் செலவே வேண்டாமே."

"கிட்டப் போக முடியாது வே."

மறுவாரம் அவர் கொடுத்த பிலிமைப் பிரிண்ட் போட்டபோது, மருந்துத் தட்டில் ஒரு பெண்முகம் மெல்லத் தெளிந்தது. அருவிக்கரையில் குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

அய்யாத்துரை தட்டின் மேல் குனிந்து பார்த்தார். ஆவுடைநாயகத்தின் மகள்; இரண்டு வருஷத்துக்கு முன் காலராவில் செத்துப்போனவள். கருமாதிக்கு மாலை போட, அய்யாத்துரைதான் அவள் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்திருந்தார்.

படம் வாங்க வந்தவரிடம் அதை நீட்டினார். "அண்ணாச்சி, இது..."

"வேற சாதிக்காரனோட போனவளைச் செத்துட்டதாச் சொல்லி, நான்தான் கருமாதி பண்ணுனேன். இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கிட்டப் போக?"

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"அவ பிள்ளை மூஞ்சி தெரியல வே. விலை கூடுனாலும் பரவாயில்ல, அந்த இன்னொரு லென்ஸைக் கொடும்."