பூசை நேரத்துக் குரல்

சிற்றலை வானொலி என்றால் குளச்சல் கிளீட்டஸுக்குப் பைத்தியம். உலகத்து நிலையங்களையெல்லாம் தேடிப் பிடித்தவர், இப்போது முள்ளை ஒரே இடத்தில் வைத்து வெறும் இரைச்சலைக் கேட்கிறார். காலைப் பூசைக்கு மட்டும்தான் எழுந்து போவார்.

மகள் பெபிஷா வானொலியைக் கம்ப்யூட்டரோடு இணைத்தாள்.

"இனி நீங்க உக்காந்து கேக்கண்டாம்ப்பா. யாரு பேசினாலும் இது தானா ரெக்கார்டு பண்ணிரும்."

"மெஷினுக்கு என்ன மக்கா தெரியும்?"

மறுநாள் பூசை முடிந்து வந்தவரிடம் பெபிஷா கத்தினாள். "அப்பா, ஒரு குரல் பதிஞ்சிருக்கு!"

கிளீட்டஸ் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். "போடு மக்கா."

இரைச்சலுக்குள் ஒரு பெண்குரல்.

"லிஜினே... அம்மையாக்கும். கேக்கியா மக்கா?"

மகன் லிஜினின் மீன்பிடி போட்டு புயலில் காணாமல் போனதிலிருந்து, அதன் வயர்லெஸ் அலைவரிசையை விட்டு அவர் முள்ளை நகர்த்தியதே இல்லை.

மீன் ஏலத்திலிருந்து திரும்பிய மனைவி செசிலி, கூடையோடு வாசலிலேயே நின்றாள்.

"ஏட்டி, நீயா?"

"நீங்க பூசைக்குப் போற நேரம், கரைக்கு வந்த போட்டுல ஏறி அதுல உள்ள வயர்லெஸ்ல தெனமும் பேசுவேன். நீங்க கேட்டுக்கிட்டே இருக்கிய... ஒராளாவது அவனைக் கூப்பிடண்டாமா?"